சாலை என்னும் சுரங்கம்: சாந்தன்பாறை மலைகளும் வாகனக் கட்டுப்பாடும்

மலைநாட்டில் பாறையை வெட்டியெடுக்கக் குவாரி என்ற பெயர் தேவையில்லை. சாலைப் பணி என்ற பெயரே போதும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் சாந்தன்பாறை ஊராட்சியின் பூப்பாறை வழியாகப் போகிறது கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை என்று வழங்கும் தேசிய நெடுஞ்சாலை 85. அதில் மூணாறு முதல் போடிமெட்டு வரையிலான ஏறத்தாழ 42 கிலோமீட்டரை அகலப்படுத்தும் பணி 2017இல் தொடங்கியது. தேவிகுளத்துக்கு அப்பால் உள்ள கேப் ரோட்டில் செங்குத்துப் பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2019இலும் 2020இலும் மலை சரிந்தது. உருண்டுவந்த கற்கள் கீழ்ச்சரிவின் விளைநிலங்களை மூடின. தேவைக்கு மிஞ்சிப் பாறை வெட்டப்பட்டதாக வருவாய்த் துறையே சுட்டிக்காட்டியது.

வாகனக் கொள்கையும் கனிமக் கொள்கையும் ஒரே கேள்வியின் இரு பகுதிகள் என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டமோ இரண்டையும் தனித்தனியே பார்க்கிறது. சிறு கருங்கல் குவாரிக்கும் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். ஆனால் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இருக்கும் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணி 100 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் அந்த அனுமதி தேவை. 42 கிலோமீட்டர் அந்த வரம்பை எட்டாது. வெடி அதே வெடி, மலை அதே மலை.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நடந்ததை இதனுடன் ஒப்பிடலாம். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை குடைய அளிக்கப்பட்ட அனுமதியை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. சாந்தன்பாறையை ஒட்டிய மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தது அதற்கு முக்கியக் காரணம். அறிவியல் சுரங்கத்துக்குக் காட்டிய அந்தக் கண்டிப்பில் பாதியாவது சாலைச் சுரங்கத்துக்கும் காட்டியிருக்க வேண்டும்.

பாலைவன மாநிலமான ராஜஸ்தானும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அங்கு ஆய்வுக்கு எடுத்த 128 ஆரவல்லிக் குன்றுகளில் 31 காணாமற்போனது 2018இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அதே மாநிலத்தின் ஜெய்சல்மேர் கோட்டைக்குள், மஞ்சள் மணற்கல் வீடுகளுக்கு நடுவே, கார் நுழைய முடியாத சந்துகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். உள்ளூர்க் கல்லை எடுத்துக் கட்டிய ஊர்தான் அதுவும். ஆனால் காருக்காக அகலப்படுத்தப்படாத ஊருக்கு ஒருமுறை எடுத்த கல் போதும். பெருகும் வாகனத்துக்கு ஏற்ப அகலும் சாலைக்கு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காரில்லாத மலைவாழ்வு இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. மகாராஷ்டிரத்தின் மாத்தேரானில் பயணிகளின் வாகனங்கள் தஸ்தூரி முனையிலேயே நின்றுவிடுகின்றன. மூணாறிலும் 1908இலேயே குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் எழவில்லை.

எனினும் காரைத் தடுப்பதோடு நீதி முடிந்துவிடாது. மாத்தேரானில் மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாவைக் கைவிடும்படி 2025இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. சாந்தன்பாறையின் நிலையும் கவனத்துக்குரியது. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் மலையேறுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளியோடு ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து ஜீப்பில் வருகிறார்கள். அவர்களுக்கு வண்டி பொழுதுபோக்கு அல்ல, கூலி. 2022இல் கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்தபோது குவிந்த சுற்றுலா வாகனங்களையும் இந்த ஜீப்பையும் ஒரே விதியால் அளப்பது தவறு.

ஆகவே கட்டுப்பாடு சுற்றுலா வாகனத்திலிருந்து தொடங்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இ-பாஸ் நடப்பில் இருக்கிறது. அடுத்த ஆண்டில் வாகன எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வந்தது. கேரள அரசு மூணாறு–போடிமெட்டுச் சாலைக்கு அத்தகைய வரம்பை விதிக்க வேண்டும். தொழிலாளர் ஜீப்புகளுக்கு விலக்களித்து, போடி–பூப்பாறை–சாந்தன்பாறைத் தடத்தில் இரு மாநில அரசுப் பேருந்துகளையும் கூட்ட வேண்டும். மலைச்சாலைப் பணியில் வெட்டப்படும் ஒவ்வொரு கனமீட்டர் பாறைக்கும் குவாரிக்குரிய அனுமதியும் கணக்கும் கட்டாயமாக வேண்டும். இனி எந்த அகலப்படுத்தலும் அதற்குப் பிறகே தொடங்கலாம்.