வைக்கோல் சுற்றிய குடுவை

இம்பே வயல்களில் நெல் அறுவடை முடிந்த பிறகு மண்ணை அறுவடை செய்வார்கள். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஆழத்தில் படிந்திருக்கும் கருங்களியை வெட்டியெடுப்பார்கள். ஜப்பானின் ஒகயாமா மாநிலத்தில், பிசன் மண்கலங்களுக்குப் பேர்போன குயவர் ஊர் இம்பே. கேரளத்து வித்துராவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் சிறு குடுவை அந்தக் களியில் பிறந்தது. அரிசி மது ஊற்றி வைப்பதற்கென்று வனைந்தது.

கல்லும் வேரும் பொறுக்கி, பிசைந்து, ஆண்டுக்கணக்கில் கிடத்தி வைத்தால்தான் அந்த மண் சக்கரத்துக்கு இசையும். இரும்பு மிகுந்த மண். பிசுபிசுப்பு அதிகம், காயும்போதும் சுடும்போதும் நிறையச் சுருங்கும். ஊறுகாய் ஜாடிக்குக் கொடுக்கிற கண்ணாடிப் பூச்சு அதன் மேல் சரியாகப் பிடிக்காது. சட்டென்று சூடேற்றினால் விரிசல் விடும். ஆகவே பூச்சே இல்லாமல், மெள்ள மெள்ளச் சுடுவது அங்கே வழக்கமாயிற்று. மண்ணின் குணத்துக்குக் குயவர் பணிந்து போனதில் இப்படியொரு அழகு விளைந்தது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

குடுவையின் தோளிலிருந்து அடிவரை சிவந்த கோடுகள் ஓடுகின்றன. சில இடங்களில் நூலளவு. ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் வியர்வையில் கரைந்த குங்குமம்போல் பரவியிருக்கின்றன. தூரிகை எதுவும் படவில்லை. சூளையில் அடுக்கும்போது கலங்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நெல் வைக்கோலைச் சுற்றிவைத்தார்கள். வைக்கோல் எரிந்துபோயிற்று. அதிலிருந்த பொட்டாசியம் தான் தொட்ட இடத்தில் மட்டும் களிமண்ணை லேசாக இளக்கியது. சூளை ஆறும்போது மண்ணிலிருந்த இரும்பு அங்கே செந்நிறப் படிகமாக உறைந்தது. ஹிதாசுகி என்று இதற்குப் பெயர். சாம்பல் விழாதபடி இன்னொரு கலத்துக்குள் மூடிவைத்துச் சுட்டதால், மற்ற இடமெல்லாம் வெளிர்பழுப்பாகவே நின்றுவிட்டது.

விறகு செம்பைன். பத்து நாள், பதினான்கு நாள், இரவு பகலாக முறைவைத்துப் போடுவார்கள். வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிறகு சூளை ஆறுவதற்கும் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். நெருப்புக்கு அருகே நின்ற கலங்களில் பைன் சாம்பல் உருகிப் பொட்டுப் பொட்டாகப் படியும். தணலில் புதைந்தவை நீலச்சாம்பல் நிறம் கொள்ளும். எந்தக் கலம் எங்கே நின்றது என்பதை இம்பே குயவர்கள் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

16ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்குக்காரர்கள் கொண்டாடிய இந்தக் கலங்கள், பீங்கான் பெருகியதும் மதிப்பிழந்தன. அந்தப் பழைய முறையைத் தேடி மீட்டவர் கனெஷிகே தோயோ (1896–1967). 1956இல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1952இல், சிற்பி இசாமு நொகுச்சி அவருடைய பட்டறையில் தங்கி அதே மண்ணில் சிற்பங்கள் செய்தார். 2004இல் அதே பட்டம் பெற்ற இசெஸாகி ஜுன் குவளையும் செய்கிறார், சிற்பமும் செய்கிறார். இரண்டும் ஒரே நெருப்பில் வேகின்றன. சிற்பத்தை உயர்த்திக் குவளையைத் தாழ்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிசன் கைப்பழக்கம் நம் கடற்கரைக்கும் வந்திருக்கிறது. ஜப்பானில் அதைப் பயின்ற அமெரிக்கரான டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். அங்கே செய்தவை பெரும்பாலும் பூச்சிட்ட கலங்கள். ஆனால் விறகு நெருப்பின் மேல் வைத்த நம்பிக்கை மாணவர்களிடமும் தொற்றிக்கொண்டது. இந்தியாவின் இன்றைய ஸ்டுடியோ குயவர் பலர் அந்தப் பட்டறையில் கற்றவர்கள்.

நம் ஊர்க் குயவர்களான வேளார்கள் பானையை இம்பே சூளையைவிடக் குறைந்த சூட்டில், குறைந்த நேரத்தில் சுடுகிறார்கள். அதனால் பானையில் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. நீர் கசிந்து, ஆவியாகி, உள்ளிருப்பது குளிர்கிறது. கோடைக்கு அதுவே வேண்டும். இம்பே குடுவையோ பூச்சில்லாமலே கல்லாக இறுகியது. இரவு முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தோம், காகிதம் நனையவில்லை. எங்கள் பொன்முடி மலையடிவாரத்துக் கர்க்கடக மாத மழையில் முற்றத்துச் செடிச்சட்டிகளில் பாசி ஏறும்போதும் இதன் மேல் ஒன்றும் பிடிப்பதில்லை. இப்போது சமையலறையில் நல்லெண்ணெய்க்கு இதைத்தான் வைத்திருக்கிறோம்.