குரிடிபா நகரத் திட்டம்

தென் பிரேசிலில் பரானா மாநிலத்தின் தலைநகரான குரிடிபா, பொதுப் போக்குவரத்தையும் நிலப் பயன்பாட்டையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்து தன் வேகமான வளர்ச்சியை நெறிப்படுத்திய நகரம். நீடித்த நகரமயமாக்கலுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

பின்னணி

வேளாண்மை இயந்திரமயமானதால் வேலையிழந்த கிராமப்புறக் குடும்பங்கள் குரிடிபாவுக்குக் குடிபெயர்ந்தன. 1975இன் கடும் உறைபனி பரானாவின் காப்பிச் செடிகளைக் கருக்கியதும் இடப்பெயர்வு மேலும் கூடியது. 1960இல் சுமார் 3.6 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1980இல் 10 லட்சத்தைத் தாண்டியது. இதற்கு முன்பே, 1965இல் நகரத் திட்ட ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டு, 1966இல் முழுமைத் திட்டம் ஏற்கப்பட்டிருந்தது. கட்டடக் கலைஞர் ஜைமி லெர்னர் 1971இல் மேயரானதும் அது செயல்வடிவம் பெற்றது.

போக்குவரத்து

நகர மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் முதன்மைச் சாலைகளின் நடுவே பேருந்துக்கு மட்டுமான தடம் ஒதுக்கப்பட்டது. உயர்ந்த கட்டடங்களுக்கு இச்சாலைகளை ஒட்டியே பெரிதும் அனுமதி தரப்பட்டதால், மக்கள் நெருக்கமாக வாழும் இடத்திலேயே பேருந்தும் கிடைத்தது. முதல் தடங்கள் 1974இல் திறக்கப்பட்டன. 1991இல் குழாய் வடிவக் கண்ணாடி நிறுத்தங்கள் வந்தன. பயணி உள்ளே நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடுவார். நிறுத்தத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே உயரம். பேருந்து நின்றதும் கதவடியிலிருந்து பலகை விரிந்து இடைவெளியை மூடும். படியேறுவதும் வண்டிக்குள் சீட்டு வாங்குவதும் இல்லாததால் கூட்டம் விரைவாக ஏறி இறங்கும். கொலம்பியத் தலைநகர் பொகோட்டா 2000இல் தொடங்கிய ‘டிரான்ஸ்மிலேனியோ’ பேருந்துச் சேவை இதைப் பின்பற்றியதே.

வெள்ளமும் குப்பையும்

பரிகுயி ஆற்றின் வெள்ளச் சமவெளி கட்டடங்களுக்குப் போகாமல், 1972இல் ஏரியுடன் கூடிய பூங்காவானது. பெருமழையின் மிகைநீர் அங்கே தேங்கி நிற்கும். 1989இல் வீடுகளிலேயே குப்பையைத் தரம்பிரிக்கும் இயக்கம் தொடங்கியது. 1991 முதல், மறுசுழற்சிக்குரிய 4 கிலோ கழிவைக் கொடுப்பவர்க்கு 1 கிலோ காய்கறியும் பழமும் வழங்கப்பட்டன. குப்பை லாரி நுழைய முடியாத குடிசைப் பகுதிகளும் இவ்வகைப் பண்டமாற்றால் தூய்மையடைந்தன.

குறைகள்

திட்டம் ஏழைகளின் குடியிருப்புக்குப் போதிய தீர்வு தரவில்லை. நிலவிலை உயர, அவர்கள் சுற்றியுள்ள நகராட்சிகளுக்குத் தள்ளப்பட்டனர். சொந்தக் கார்கள் பெருகிப் பேருந்துப் பயணிகள் குறைந்தனர்.

மதிப்பீடு

சுரங்க ரயிலுக்குப் பெரும்பணம் இல்லாத நகரமும் பேருந்தைக் கொண்டே வளர்ச்சிக்கு வழிவகுக்கலாம் என்பதைக் குரிடிபா மெய்ப்பித்தது. எளியவர்களுக்கு நகருக்குள்ளேயே வீடு கிடைக்காதவரை அந்த வெற்றி முழுமையாகாது.