யவனர் தேறல்: விலையும் சுவையும்

திராட்சை மதுவைச் சுவைத்துத் தரம் கூறுவது மேலை நாட்டார் வழக்கம் என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே அம்மது தமிழகத்திற்கு வந்துள்ளது. அதைப் பற்றிய பாராட்டும் பாடலாகப் பதிவாகியுள்ளது. மண்ணில் கிடைத்த சாடிகளை அப்பாடலோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஒரு மதுவின் உயர்வு அதன் சுவையில் இருக்கிறதா, அது கடந்து வந்த தொலைவில் இருக்கிறதா?

பாடலில் தேறல்

புறநானூற்றின் 56ஆம் பாடலைப் பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர். பாடப்பட்டவன் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன். யவனர் கொண்டுவந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அரசன் நாளும் மகிழ்ந்து வாழ வேண்டும் என்று புலவர் வாழ்த்துகிறார். அத்தேறலுக்கு அவர் கூறும் சிறப்புகள் குளிர்ச்சியும் நறுமணமும் ஆகும். தேறல் என்ற சொல்லிலேயே தெளிவு என்னும் பொருளும் அடங்கியுள்ளது. ஆக, தெளிவு, குளிர்ச்சி, மணம் ஆகிய மூன்றும் அன்றைய அளவுகோல்கள் எனலாம். விலையைப் பற்றிப் பாடலில் ஒரு சொல்லும் இல்லை.

சாடிகள் கூறும் செய்தி

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழு மீண்டும் ஆய்வு நடத்தியது. இரு கைப்பிடிகள் கொண்ட ஆம்போரா என்னும் மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் அங்கே கிடைத்தன. இத்தகைய சாடிகளில் மது மட்டுமல்லாமல் எண்ணெயும் மீன் சாறும் கூட அனுப்பப்பட்டன.

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தினருக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செல்லும் பாலாறு கடலில் கலக்கும் இடத்திற்கு அருகில் வசவசமுத்திரம் உள்ளது. அங்கும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழாய்வில் ஆம்போராத் துண்டுகள் கிடைத்தன. நம் ஆற்றின் கடைமுகத்திலும் யவனச் சாடிகள் இறங்கியுள்ளன என்பது இதனால் தெரிகிறது.

அரிக்கமேட்டுச் சாடிகளில் மது வந்தவை பலவும் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை. கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். அதே போன்ற மதுவை இத்தாலியிலேயே செய்துகொள்ளும் முறையைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ எழுதி வைத்தார். ரோமில் உயர்தரம் என்று புகழ்பெற்றது பலேர்னிய மது. கோஸ் வகையோ பரவலாகப் புழங்கிய, பிறரும் போலியாகச் செய்த சரக்கு. நன்மாறனின் பொற்கலத்தில் இருந்தது இதுதான் என்று அறுதியிட முடியாது. எனினும், பிறந்த நாட்டில் சாதாரணமாக இருந்த ஒன்று கடல் கடந்ததும் அரிய பொருளாகியிருக்கக் கூடும்.

ஊர்ப் பெயர் பார்த்து மதுவை மதிப்பதும் பழைய வழக்கமே. கி.பி. 1ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளசு, பாரிகாசாவில் (இன்றைய பரூச்) இத்தாலிய மதுவுக்கே முதலிடம் என்றும், லவோதிக்கேய மதுவும் அரேபிய மதுவும் வந்தன என்றும் கூறுகிறது. முசிறிக்கு வந்த மது மிகுதியாக இல்லை என்கிறது.

உள்ளூர்த் தேறலும் நட்பும்

தமிழரிடம் கள், நறவு, தோப்பி எனப் பல வகைகள் இருந்தன. மூங்கில் குழாயில் நெடுநாள் முதிரவைத்த தேன்தேறலைத் திருமுருகாற்றுப்படை குறிப்பிடுகிறது. நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுவதற்கு ஒப்பிடுகிறது புறநானூறு 392. அதைப் பாடியவர் ஔவையார். அவரே 235ஆம் பாடலில் அதியமானை நினைத்து அழுகிறார். கள் சிறிதளவே கிடைத்தால் அதை எங்களுக்குக் கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் எங்களோடு மகிழ்ந்து உண்பான் என்பது அவர் கூற்று. அந்தக் கள்ளின் தரத்தை அவர் பேசவில்லை. பகிர்ந்தவனின் பண்பையே பேசுகிறார்.

துவர்ப்பு என்னும் அளவுகோல்

இன்று நண்பர்கள் கூடிச் சிவப்பு மதுவை ஒப்பிடும்போது நிறம், மணம், புளிப்பு, இனிப்பு ஆகியவற்றோடு துவர்ப்பையும் கவனிக்கிறார்கள். சிவப்பு மது திராட்சைத் தோலோடும் விதையோடும் நொதிப்பதால் அதில் துவர்ப்பு மிகுதி. இந்தத் துவர்ப்புப் பொருளின் பெயர் டானின். அப்பெயர் தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. ஆம்பூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம் பகுதிகளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டவர்கள் அறிந்த பொருள்தான் இது. தொட்டியில் அது தோலின் புரதத்தோடு பிணைந்து தோல் அழுகாமல் காக்கிறது. வாயில் எச்சிலின் புரதத்தோடு பிணைந்து நாக்கை வறளச் செய்கிறது. கடுக்காயைக் கடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விலை குறைந்த மதுவில் சில வேளைகளில் இந்தத் துவர்ப்பு முரடாக நிற்கும், அல்லது இனிப்பால் மறைக்கப்பட்டிருக்கும். விலை மலிவாக இருந்தும் புளிப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்கும் மதுவும் உண்டு.

அதைக் கண்டறியப் புட்டியின் பெயரை மறைத்துச் சுவைப்பது நல்ல வழி. 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் அவ்வாறு ஒரு சோதனை நடத்தினார். பிரெஞ்சு நடுவர்களே சுவைத்தும், புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிவப்பு மதுக்களை முந்திக் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம் பெற்றது. பெயரைக் கண்டிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்குமா என்பது ஐயமே.

வரலாறு படிக்கும் மாணவர்களுக்கும் இது பயன்படும். பாடல் பொற்கலத்தைக் காட்டுகிறது, அகழாய்வு உடைந்த சாடியைக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் நம்பினால் பாதி உண்மைதான் கிடைக்கும்.