எடையும் நோவும்: மார்பகக் குறைப்பு அறுவையின் வரலாற்றில் முதுகுவலி பெற்ற இடம்

பெருத்த மார்பகத்தின் எடை உடலின் ஈர்ப்பு மையத்தை முன்னோக்கி நகர்த்துகிறது. அதனை ஈடுசெய்யக் கழுத்துத் தசைகளும் மேல்முதுகுத் தசைகளும் இடைவிடாது உழைக்கின்றன. தோள்கள் முன்சாய்கின்றன, முதுகெலும்பின் மேற்பகுதி வளைவு மிகுதியாகலாம், உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளமாகப் பதிகிறது. இத்துன்பத்தை மேலை மருத்துவம் எதனைக் கொண்டு அளந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1669ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிளிமத் நகரைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் டர்ஸ்டன், மார்பகங்கள் திடீரெனப் பெருத்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி இலண்டன் அரச கழகத்தின் இதழுக்கு எழுதினார். அப்பெண் இறந்தபின் இடது மார்பகம் நிறுக்கப்பட்டது. அதன் எடை 64 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 29 கிலோ. மிக அரிய நேர்வு இது. எனினும், நிறுத்தறியும் வழக்கம் இத்துறையில் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இது சான்றாகும்.

1897இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பூசோன் இரு மார்பகங்களையும் குறைத்த அறுவையைப் பதிவுசெய்தார். 1956இல் அமெரிக்கரான இராபர்ட் வைஸ், உள்ளாடையின் வெட்டுவடிவத்தைத் தழுவி அறுவைக்கான வரைபடிவம் ஒன்றை வகுத்தார். அறுவை நுட்பம் இவ்வாறு வளர்ந்தபோதும், அது நோய் தீர்ப்பதா, அழகு சேர்ப்பதா என்னும் வினா எஞ்சியது.

காப்பீடு பரவிய அமெரிக்காவில் இவ்வினா பொருளியல் வினாவாயிற்று. 1991இல் பால் ஷ்னூர், அறுவை மருத்துவர்களிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு, உடற்பரப்பையும் அகற்றப்படும் திசுவின் எடையையும் இணைத்து ஓர் அளவுகோலை வெளியிட்டார். காப்பீட்டு நிறுவனங்கள் அதனை ஏற்றன. குறித்த எடைக்குச் சில கிராம் குறைந்தாலும், முதுகுவலியால் வருந்தும் பெண்ணின் அறுவை ஒப்பனைச் செயலாகக் கருதப்பட்டு, செலவு அவர்மீதே விழக்கூடும்.

2002இல் கரோலின் கெரிகன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்வடிப்படையை மறுத்தது. அறுவையால் விளையும் நலத்தை எடை முன்னறிவிக்கவில்லை. கழுத்துவலி, தோள்வலி, மேல்முதுகுவலி முதலிய ஏழு குறிகளுள் இரண்டேனும் பெரும்பாலான நேரம் இருத்தலே தக்க அளவை என்பது அவர்தம் முடிவு. வலியுறும் பெண்ணின் கூற்றே இங்குச் சான்றாகிறது. எனினும், ஷ்னூர் அளவுகோல் அமெரிக்கக் காப்பீட்டு விதிகள் பலவற்றில் இன்றும் நீடிக்கிறது. எடையை எண்ணால் உறுதிசெய்யலாம். வலிக்கோ பெண்ணின் சொல்லை நம்பவேண்டும். அந்நம்பிக்கை விதிகளில் இன்னும் முழுமையாக இடம்பெறவில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.