முழமும் கட்டடமும்: திருமறையின் நீள அளவைகளைப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆசரிப்புக் கூடாரத்தையும் சாலொமோனின் ஆலயத்தையும் விவரிக்கும் அதிகாரங்களை நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். வேறு சிலரோ, அங்குள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மறைபொருளைத் தேடுகின்றனர். இவ்விரு வழியினரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்த எண்கள் முதலாவது தச்சரும் நெசவாளரும் கல்தச்சரும் கைக்கொண்ட அளவுகளாகும்.

முழம் என்பது எது?

எபிரேயரின் முழம் முழங்கை முதல் நடுவிரல் நுனி வரையுள்ள நீளமாகும். அது இரண்டு சாண், ஆறு உள்ளங்கை அகலம், 24 விரல். தமிழரின் முழமும் இரண்டு சாண், 24 விரல் கொண்டதே. எனவே, முழம், சாண், விரற்கடை என்னும் சொற்களை நம் திருமறை மொழிபெயர்ப்பாளர் எடுத்தாண்டது மிகப் பொருத்தமாயிற்று.

ஆயினும் ஆளுக்கு ஆள் கை வேறுபடும். ஆகவே பண்டைய அரசுகள் முழத்தைக் கோலில் பொறித்து வைத்தன. எகிப்தில் வழங்கிய அரச முழம் ஏழு உள்ளங்கை அகலம், அதாவது 28 விரல், சுமார் 52 செ.மீ. நீளமுடையது. துத்தன்காமன் அரசனின் பொருளாளராயிருந்த மாயா என்பவரின் முழக்கோல் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

யூதாவின் முழத்தை அறிய நமக்கு உதவுவது சீலோவாம் கல்வெட்டு. 1880இல் எருசலேமில் கண்டுபிடிக்கப்பட்ட இது, இப்பொழுது இஸ்தான்புல்லில் உள்ளது. இரு முனைகளிலிருந்தும் பாறையைக் குடைந்து வந்த வேலையாட்கள் நடுவில் சந்தித்ததையும், ஊற்றிலிருந்து குளம் வரை 1200 முழம் தண்ணீர் ஓடியதையும் அது கூறுகிறது. இதனை எசேக்கியா அரசன் வெட்டுவித்த வாய்க்காலாகவே (2 இராஜாக்கள் 20:20) பெரும்பாலான அறிஞர் கொள்வர். சுரங்கத்தின் நீளம் சுமார் 533 மீட்டர். அவ்வாறாயின் ஒரு முழம் ஏறத்தாழ 44.4 செ.மீ. ஆகும். 1200 என்பது முழுமையாக்கப்பட்ட எண்ணாயிருக்கலாம் என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட அளவுகோலின் முழமோ, சாதாரண முழத்திலும் நாலு விரற்கடை நீண்டது (எசே. 40:5). மேற்கண்ட கணக்குடன் இதனைக் கூட்டினால் 51.8 செ.மீ. வரும், அது எகிப்தின் அரச முழத்தை நெருங்குகிறது. இரண்டு முழங்கள் வழக்கில் இருந்தமையால்தான், எந்த முழம் என்று தீர்க்கதரிசி தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. 2 நாளாகமம் 3:3உம் ஆலயத்தின் அளவுகள் முற்கால அளவின்படியானவை என்று குறிப்பிடுகிறது. 60 முழ நீளமுள்ள ஆலயம் ஒரு முழத்தின்படி சுமார் 26.6 மீட்டர், மற்றதன்படி 31 மீட்டர். வேறுபாடு நான்கு மீட்டருக்கு மேல்!

திரைகளின் கணக்கு

பொருள் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே கணிப்பதற்கு யாத்திராகமம் 26 சிறந்த சான்று. பஞ்சுநூல் மூடுதிரைகள் பத்து. ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். ஆட்டுமயிர்த் திரைகள் பதினொன்று. ஒவ்வொன்றும் 30 முழ நீளம், அதே அகலம். பலகைகளின் உயரம் 10 முழம்; கூடாரத்தின் அகலமும் 10 முழம் என்று பலர் கணக்கிடுவர். எனவே 30 முழத் திரை மேற்புறம் பத்தும் இருபுறமும் பத்துப் பத்துமாகத் தரையைத் தொடும். 28 முழத் திரையோ இருபுறமும் தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிடும். மிகுதியான அந்த இரண்டு முழம் எதற்கென்று 13ஆம் வசனமே விளக்குகிறது: உள்திரையை இருபுறமும் மூடுவதற்கே. மிகுதியான ஒரு திரை முகப்பில் மடிப்பதற்கும் பின்புறத்தில் தொங்கவிடுவதற்கும் உதவிற்று. 28க்கும் 30க்கும் உருவகம் தேடுமுன், நெய்தவர்களின் இந்தத் தேவையை நாம் கேட்கவேண்டாமா?

ஓசையற்ற கட்டட வேலை

ஆலயத்தின் கற்கள் வெட்டிய இடத்திலேயே பணிதீர்க்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டன. கட்டுகையில் இரும்புக் கருவியின் ஓசை கேட்கப்படவில்லை (1 இராஜாக்கள் 6:7). இதனைப் பக்தியின் அமைதியாக மட்டுமே விளக்குவது வழக்கம். ஆனால் அதற்குப் பின்னே ஓர் அளவைச் சிக்கல் உண்டு. மரம் லீபனோனில் வெட்டப்பட்டுக் கடல்வழியே வந்தது. சாலொமோனின் ஆட்களும் ஈராமின் ஆட்களும் கிபலி ஊராரும் ஒருங்கே உழைத்தனர். வெட்டுமிடத்தில் ஒரு முழமும் கட்டுமிடத்தில் வேறொரு முழமும் வழங்கியிருந்தால், கல்லோடு கல் பொருந்தியிராது. சுத்தியலின் ஓசையும் அடங்கியிராது. அளவில் ஒருமை இருந்ததனாலேயே அமைதி கூடிற்று.

நியாயப்பிரமாணம் நீட்டளவையில் அநியாயம் செய்வதைத் தடுக்கிறது (லேவி. 19:35). அளவுகோல் சந்தைக்கு மட்டுமன்று, ஆலயத்திற்கும் நீதியின் கருவியாயிற்று. தன் கையே தனக்கு முழம் என்று ஒவ்வொருவனும் எண்ணியிருந்தால் ஆலயம் எழும்பியிராது. தன் கையின் நீளத்தை விட்டு, எல்லாருக்கும் பொதுவான கோலுக்கு அவன் இணங்க வேண்டியிருந்தது. இந்த வரலாற்று உண்மையை நன்கு உணர்ந்த பின்னரே, சபை கட்டப்படுவதைக் குறித்து இப்பகுதிகளிலிருந்து நாம் பிரசங்கிப்பது தகும்.