தலசீமியாச் சிகிச்சைப் பரிசோதனைகள் (இலங்கை)

தலசீமியா, போதிய ஹீமோகுளோபின் உருவாகாத பரம்பரை இரத்த நோய். மேலை நாடுகள் இதை அரிய நோய்களில் சேர்த்தாலும் இலங்கைக்கு அந்தச் சொல் பொருந்தாது. குருணாகல்தான் நாட்டின் தலசீமியா ஆய்வுகளுக்குத் தாய்வீடு.

கடும் நோயாளிக்கு வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை இரத்தத்தோடு சுமார் 200 மில்லிகிராம் இரும்பும் உடலுக்குள் போகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. டெஸ்ஃபெரால் மருந்து அதை அகற்றும். ஆனால் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி, சிறு பம்ப் இரவெல்லாம் ஓட, வாரத்தில் 5 இரவுகளாவது பிள்ளை அப்படியே உறங்க வேண்டும். வாயால் விழுங்கும் மாத்திரைக்கு வைத்தியர்கள் ஏங்கியது இதனால்தான்.

அந்த மாத்திரை டெஃபெரிப்ரோன். டொரொண்டோவில் அதைப் பரிசோதித்த வைத்தியர் நான்சி ஒலிவியேரி, தாம் கண்ட ஆபத்தை நோயாளிகளிடம் சொல்ல முனைந்தபோது, 1996இல் அபோடெக்ஸ் மருந்து நிறுவனம் பரிசோதனையை நிறுத்தியது. மருந்து ஈரலைப் பாதிக்கிறது என்ற அவரது 1998 முடிவைப் பிற ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 2011இல் அமெரிக்காவும் மருந்தை ஏற்றது. ஆனாலும் நோயாளிக்கு உண்மையைச் சொல்லும் கடமையில் அவர் பக்கமே நியாயம் இருந்தது.

ஒலிவியேரி இலங்கையிலும் பணியாற்றினார். உடனிருந்த டேவிட் வெதரோல், சிங்கப்பூரில் இராணுவ வைத்தியராக இருந்தபோது ஒரு கூர்க்கா குடும்பத்துக் குழந்தையிடம் இந்நோயைக் கண்டறிந்து 1960இல் எழுதியவர். அனுஜ பிரேமவர்தன முதலிய இலங்கை வைத்தியர்களோடு இவர்கள் ஹீமோகுளோபின் ஈ-பீட்டா தலசீமியா என்ற வகை உள்ள 109 பேரை 5 ஆண்டுகள் கவனித்து, 2005இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். இது மருந்துப் பரிசோதனை அன்று, கண்காணிப்பு ஆய்வே. ஆயினும் இதன் பயன் பெரிது: தொடர்ந்து இரத்தம் ஏற்றிவந்த பலருக்கு அதை நிறுத்தியும் தீங்கு நேரவில்லை. தேவையற்ற இரத்தம் தேவையற்ற இரும்பு அல்லவா!

அடுத்த கட்டம் ராகமவில். அங்கே களனிப் பல்கலைக்கழகத்தின் சசித் மெத்தானந்த குழு, மலிவான பழைய மருந்தான ஹைட்ராக்ஸியூரியாவை 60 நோயாளிகளிடம் 6 மாதம் சோதித்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது வைத்தியருக்கும் தெரியாது. 2022இல் வெளியான முடிவில், மருந்து உண்ட பலரிடம் கருநிலை ஹீமோகுளோபின் கூடியிருந்தது. ஏற்றிய இரத்தத்தின் அளவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏமாற்றம்தான், மறைக்காமல் எழுதினார்கள். ஏழை நாட்டுக்கு இத்தகைய பரிசோதனையே தேவை. 2023இல் பிரித்தானியா அனுமதித்த மரபணுச் சிகிச்சையின் அமெரிக்க அறிமுக விலை 22 இலட்சம் டொலர்.

நோயைத் தடுப்பதும் நம் கையில்தான். தாய் தந்தை இருவரும் நோய்க்காவிகள் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கலியாணம் பேசும் வீட்டார், சாதகம் பார்க்கும் முன் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.