மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஒரு ஃபேஸ்புக் சண்டை!

கடலூர் மஞ்சக்குப்பம் போயிருக்கிறீர்களா? பெரிய மைதானம். சுற்றிலும் வெள்ளைக்காரன் காலத்து வாசனை மாறாத அரசாங்கக் கட்டடங்கள். 1869-ல் இங்கே இருந்த கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. கொலை இல்லை, கொள்ளை இல்லை, வரப்புத் தகராறும் இல்லை. ‘நாலு பேர் கூடிய இடத்தில் என்னைக் கேவலமாகப் பேசிவிட்டார்கள்’ என்பதுதான் புகார்!

புகார் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். எதிர்த்தரப்பில் இருந்தவர்களில் ஒருவர், வடலூர் ராமலிங்க அடிகள். ஆமாம் சார், நம்ம வள்ளலார்தான்.

இதை இப்போது ஏன் இழுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னோடு பி.காம். படித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். அதில் ஒரு ராத்திரி, சிதம்பரத்து நண்பன் ஒருவன் இந்தக் கோர்ட் கதையை ஃபார்வர்டு செய்தான். வள்ளலார் உள்ளே நுழைந்ததும் மொத்தக் கோர்ட்டும் எழுந்து நின்றதாம். வழக்குப் போட்ட நாவலரும் தன்னையறியாமல் எழுந்து கும்பிட்டாராம். ‘நீரே வணங்குகிறவர் மேல் வழக்கா?’ என்று ஜட்ஜ் கேஸைத் தள்ளிவிட்டாராம். நான் சும்மா இருந்திருக்கலாம். ‘இது கதைப்பா, வரலாறு இல்லை’ என்று டைப் செய்தேன். அவன் பதில் போட்டான். நான் பதிலுக்குப் பதில் போட்டேன். ராத்திரி ஒரு மணி வரை நடந்தது. காலையில் பார்த்தால், நண்பன் குரூப்பை விட்டே போய்விட்டான். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட சிநேகிதம்!

அன்றைக்கு என் வீட்டில் கேட்டார்கள்: “இந்த ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் உருப்படியான சமாசாரமா, இல்லை வெட்டி வேலையா?” பதில் தெரியாமல்தான் 1869-க்குப் போனேன். நீங்களும் வாருங்கள்.

இன்றைக்கு செல்போன் எப்படியோ, அன்றைக்கு அச்சகம் அப்படி. 1835 வரை அச்சுக்கூடம் வைக்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த வருஷம் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பு வகித்த மெட்காஃப் அந்தக் கெடுபிடியை எடுத்துவிட்டார். அப்புறம் என்ன? யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், யாரை வேண்டுமானாலும் திட்டலாம். கையில் கொஞ்சம் காசு இருந்தால் போதும், ‘அக்கவுன்ட்’ ரெடி!

இதை ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியவர் நாவலர். 1849-ல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அச்சகம் வைத்தார். ஓலைச்சுவடியில் கிடந்ததையெல்லாம் பிழை திருத்திப் புத்தகமாக்கினார். பரிமேலழகர் உரையோடு திருக்குறளை 1861-ல் பதிப்பித்தார். 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்.

வள்ளலார் சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்தவர். நாவலருக்கு ஒரு வயது கூட இளையவர் இல்லை. பத்து மாசம்தான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் தில்லை நடராஜர்தான் உயிர். அப்புறம் எங்கே முட்டிக்கொண்டது?

ஒரு தலைப்பில்!

1867-ல் வள்ளலாரின் பாடல்களை அவருடைய சீடர் தொழுவூர் வேலாயுத முதலியார் புத்தகமாகக் கொண்டுவந்தார். பெயர் ‘திருவருட்பா’. உள்ளே பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்று பெயர். நாவலருக்கு அது பொறுக்கவில்லை. அருட்பா என்றால் தேவாரமும் திருவாசகமும்தான், நேற்றுப் பாடியதை அந்த வரிசையில் வைப்பதாவது என்பது அவர் கட்சி. அவரைப் பொறுத்தவரை அது வீம்பு இல்லை, கொள்கை.

வந்தது ‘போலியருட்பா மறுப்பு’ என்று ஒரு நூல். எழுதியவர் நாவலர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அச்சில் இருந்தது வேறொருவர் பெயர். ஃபேக் ஐடி இன்றைக்கு வந்த வியாதி என்றா நினைத்தீர்கள்? வள்ளலார் தரப்பு விடுமா? மறுப்புக்கு மறுப்பு அச்சடித்தார்கள். அதில் ஒன்றின் பெயரைக் கொஞ்சம் மூச்சுப் பிடித்துக்கொண்டு படியுங்கள்: ‘குதர்க்காரணிய நாச மகா பரசு’. குதர்க்கம் என்கிற காட்டை அழிக்கும் பெரிய கோடரி என்று அர்த்தம். ஹேஷ்டேக் போடத் தெரியாத காலத்திலேயே இந்த வேகம்!

நாவலருக்கும் சிதம்பரம் தீட்சிதர்களுக்கும் ஏற்கெனவே உரசல். 1869-ல் சிதம்பரம் கோயிலில் தீட்சிதர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். வள்ளலாரும் அங்கே இருந்தார். அங்கே தன்னை இழிவாகப் பேசினார்கள் என்றுதான் நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போனார். தீட்சிதர் ஒருவருக்கு அபராதம், வள்ளலாருக்கு விடுதலை என்று முடிந்தது கேஸ். பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்பதைக் கோர்ட் விசாரிக்கவே இல்லை. அது வெறும் அவதூறு வழக்கு. ஆனால், எல்லாரும் எழுந்து நின்ற கதைதான் ஒன்றரை நூற்றாண்டாக ஊர் சுற்றுகிறது. ஃபார்வர்டுக்கு ஆயுசு கெட்டி!

வள்ளலார் 1874-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டார். 1879-ல் நாவலர் காலமானார். இரண்டு பேரும் போன பிறகாவது நின்றதா? அதுதான் இல்லை. 1900-களின் ஆரம்பத்தில் மறுபடி பற்றிக்கொண்டது. மருட்பா கட்சிக்கு நா.கதிரைவேற்பிள்ளை. அருட்பா கட்சிக்கு மறைமலையடிகள். அவருக்குத் தோள்கொடுக்க, கோட்டாறிலிருந்து செய்குத்தம்பிப் பாவலர் என்கிற முஸ்லிம் புலவர் வந்தார். (சைவச் சண்டையில் நியாயம் பேச ஓர் இஸ்லாமியர்! இதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.) மறுபடியும் கோர்ட். கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் குருவுக்காகச் சாட்சி சொல்லப் போனதில், 1904-ல் ஸ்கூல் பரீட்சையே எழுத முடியாமல் போனது. அந்த மாணவர், பின்னாளில் நாம் ‘தமிழ்த் தென்றல்’ என்று கொண்டாடிய திரு.வி.க.!

இப்போது வரவு செலவு பார்ப்போமா? படித்த படிப்பு அப்படி, கணக்குப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

செலவுப் பக்கம்: கண்டன நூல்கள், மறுப்புகள், இரண்டு கோர்ட் கேஸ், திரு.வி.க.வின் ஒரு பரீட்சை. அந்தச் சண்டை நூல்களையெல்லாம் ஆய்வாளர் ப.சரவணன் தேடிப் பிடித்துத் தொகுத்திருக்கிறார். தலையணை சைஸ். ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பொக்கிஷம். மற்றவர்கள் பிரிப்பதில்லை.

வரவுப் பக்கம்: அதே 1867-ல், தலைப்புச் சண்டை கருக்கொண்ட அதே வருஷத்தில், வள்ளலார் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி ஓர் அடுப்பு மூட்டினார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. நாவலரின் சிதம்பரம் பள்ளியிலும் இன்னும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் பதிப்பித்த குறளின் வாரிசுகள் நம் அலமாரியில் இருக்கின்றன. திருவருட்பாவும் அச்சு இல்லாவிட்டால் நமக்கு வந்து சேர்ந்திருக்குமா?

ஆக, அச்சு வெட்டி வேலையா? இல்லை. அச்சில் போட்ட சண்டை? பெரும்பாலும் ஆமாம்.

இதே கடலூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 2015 நவம்பர் 9, தீபாவளிக்கு முந்தின நாள். பண்ருட்டிப் பக்கம் விசூர், பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. டிசம்பரில் சென்னை மூழ்கியதும் கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ‘கடலூரை மறந்துடாதீங்க’ என்று ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் கத்தியவர்கள் சாதாரண ஜனங்கள்தான். அந்தக் கத்தலைக் கேட்டு லாரிகள் வந்தன. அதே வாட்ஸ்அப்தான் அதே மழையில், சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகவும் புளுகியது. சாதனம் ஒன்றுதான். அதில் அடுப்பும் மூட்டலாம், ஊரையும் கொளுத்தலாம்.

நம்மில் யாரும் வள்ளலாரும் இல்லை, நாவலரும் இல்லை. அவர்கள் சண்டைக்குச் செலவழித்தது போக, பெரிய காரியங்களுக்கும் நேரம் வைத்திருந்தார்கள். நம் கணக்கில் சண்டை போக மிச்சம் எவ்வளவு? ராத்திரி செல்போனைக் கீழே வைக்கும்போது ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டுப் பார்த்தேன். அந்த ராத்திரி கோர்ட் விஷயத்தில் நான் சொன்னது சரிதான். அந்தச் சரியை வைத்துக்கொண்டு எட்டு மாசமாக என்ன செய்தேன் என்றுதான் தெரியவில்லை. சிதம்பரத்து நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடப் போகிறேன். ‘வாடா, வடலூர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்’ என்று சொல்ல வேண்டும். கோர்ட் கதையை அவன் எடுத்தால்... எழுந்து நின்றுவிடுகிறேன்!